பொம்மையைத் தொடாமலே முதலுதவிச் சான்றிதழ்: இரண்டு துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கும்

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் அவசரச் சிகிச்சைப் பிரிவில் கழிந்தது. இப்போது திருப்பூரைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் முதலுதவியும், இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி மூச்சு ஊதி மீட்க முயலும் சிபிஆரும் கற்றுக்கொடுக்கிறேன். அழுத்திப் பழகுவதற்கான மனித உருவப் பொம்மைகள் இரண்டு, ஒரு கோரைப்பாய், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியின் பயிற்சி மாதிரி ஒன்று. இவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். பொம்மையை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கட்டிக்கொண்டு போகும்போது சிக்னலில் நிற்பவர்கள் பார்க்கிற பார்வையைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு கம்பெனியின் மனிதவள அலுவலர் அழைத்தார். "சிஸ்டர், திங்கட்கிழமை பையர் ஆடிட். பன்னிரண்டு பேருக்கு முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்" என்றார். பையர் ஆடிட் என்றால் துணி வாங்கும் நிறுவனம் நடத்தும் ஆய்வு. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன். "நீங்கள் எதற்கு வர வேண்டும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதுவரை வேறோர் இடத்தில் வாங்கி வந்திருக்கிறார். பட்டியலை அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு சான்றிதழ்களும் முத்திரையோடு கைப்பேசிக்கு வந்துவிடுமாம். தலைக்கு ஒரு பிரியாணி விலை. அவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். முதலுதவிச் சான்றிதழ் என்றால் இப்படித்தான் கிடைக்கும் என்று நம்பும் ஒரு சாதாரண அலுவலர், அவ்வளவுதான். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தபோதுதான் உங்கள் இருவருக்கும் எழுதத் தோன்றியது.

சட்டத்தில் குறை இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆவது பிரிவு 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வைக்கச் சொன்னது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அவர் மாநில அரசு அங்கீகரித்த முதலுதவிச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் உடனே அழைக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 500 பேருக்கு மேல் வேலை பார்த்தால் ஆம்புலன்ஸ் அறை ஒன்றும் தேவை. பழைய சட்டத்தை 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தன்னுள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும், பெட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கும் படங்களும் சான்றிதழ்களும் அப்படியேதான் இருக்கின்றன.

என் சந்தேகமெல்லாம் 'மாநில அரசு அங்கீகரித்த' என்ற மூன்று சொற்களின் மேல்தான். எந்தச் சான்றிதழை, எந்தத் தேர்வின் பேரில்? நான் பயிற்சிக்குப் போகும் கம்பெனிகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவரை இதுவரை பார்க்கவில்லை. ஒருவர் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு என்பார். ஒருவர் செஞ்சிலுவைச் சங்கம் என்பார். ஒருவர் "ஐஎஸ்ஓ நம்பர் இருந்தால் போதும் சிஸ்டர்" என்பார். இன்னொருவர் சான்றிதழில் ஒரு டாக்டர் கையெழுத்து இருந்தால் செல்லும் என்று அடித்துச் சொன்னார். எந்த டாக்டர் என்று கேட்டேன். எந்த டாக்டரானாலும் சரிதானாம்.

வகுப்பில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். அதற்குப் பிறகு, இணையத்தில் வரும் சான்றிதழில் என்ன இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பவர் டேபிளில் நாள் முழுதும் உட்கார்ந்து தைக்கும் பெண்கள் வருவார்கள். பாயில் மண்டியிடச் சொன்னால் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு, சிரித்து, ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவார்கள். முதலில் உட்காரும் பெண் நாற்பது கிலோகூட இருக்க மாட்டாள். முழங்கையை மடக்கி, மாவு பிசைவதுபோல் அழுத்துவாள். பொம்மையின் மார்பு அசையாது. தோள் கைக்கு நேர்மேலே வரும்படி முன்னால் சாய்ந்து, கையை விறைப்பாக வைத்து, இடுப்பிலிருந்து பாரத்தை இறக்கச் சொல்வேன். அப்போது பொம்மைக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஐந்து சென்டிமீட்டர் இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். ஆறுக்கு மேல் போகக்கூடாது. அந்தச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றுவிடும். ஒரு மனித மார்பை இவ்வளவு ஆழம் அழுத்த வேண்டுமா என்ற பயம் அவர்கள் முகத்தில் தெரியும். வீட்டில் நிஜமாகவே ஒருவர் விழும்போது வரவேண்டிய பயம் பாயிலேயே வந்து, பாயிலேயே தீர்ந்துவிடுகிறது. எந்தக் காணொளி இதைச் செய்யும்?

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. முப்பது அழுத்தங்கள் 15 முதல் 18 விநாடிக்குள் முடிய வேண்டும். இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நான் பொம்மையோடு அலையத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே அழுத்தும்போது பத்து வரை கச்சிதமாகப் போகும். பதினொன்று, பன்னிரண்டு என்று வரும்போது சொல் நீளும், சொல்லுக்காகக் கை காத்திருக்கும். இருபத்தேழு, இருபத்தெட்டு வருவதற்குள் வேகம் பாதியாகிவிடும். அதனால் ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணச் சொல்கிறேன். சட்டென்று சரியாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடத்தை வரிக்கு வரி தமிழாக்கி நடத்துகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தமிழ் பேசும் தொழிலாளியோடு பாயில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மூச்சு. நம் ஊரில் ஒருவர் விழுந்ததும் நான்கு பேர் குனிந்து பார்த்து, "மூச்சு இருக்கிறது, இழுத்துக்கொண்டிருக்கிறது" என்பார்கள். அந்த இழுப்பு பல நேரங்களில் மூச்சே இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில், கரையில் கிடக்கும் மீன்போல வாய் திறந்து திறந்து மூடும். இழுத்துக்கொண்டிருக்கிறது என்று காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் அழுத்தத் தொடங்க வேண்டும். மயங்கிக் கிடக்கிறார், கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் 108ஐ அழைக்க ஒருவரை அனுப்பிவிட்டு உடனே மண்டியிட வேண்டியதுதான். வகுப்பில் நானே வாயைத் திறந்து அந்த இழுப்பை நடித்துக் காட்டுகிறேன். பார்க்கச் சகிக்காது. ஆனால் ஒரு முறை பார்த்தவர்கள் மறப்பதில்லை.

நான் பயிற்சி தந்திராத ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசை ஓரமாகச் சரிந்தார். வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். "மூச்சு இழுத்துக்கொண்டுதான் இருந்தது சிஸ்டர், அதனால்தான் நாங்கள் யாரும் கை வைக்கவில்லை" என்று பின்னால் வேறோர் இடத்தில் என் வகுப்புக்கு வந்த ஒருவர் சொன்னார். கம்பெனி வேனை எடுத்து வந்து மருத்துவமனைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் விழுந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி முதலுதவிப் பெட்டி. அதன் மேல் ஆறு பேரின் படம், ஆறு சான்றிதழ்கள். எனக்கு இதைச் சொன்னவர் அந்த ஆறு பேரில் ஒருவர். "என் பெயரில் சான்றிதழ் இருப்பதே ஆடிட் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

அழுத்தியிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் மீண்டு வருபவர்கள் குறைவு. அதை என் கையாலேயே பலமுறை அறிந்தவள் நான். அழுத்தம் தொடங்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்த வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தப் பெட்டியின் மேல் ஒரு சான்றிதழும் இல்லாமல் இருந்திருந்தால், யாராவது ஒருவர் "இங்கே முதலுதவி தெரிந்தவர் இல்லையே" என்று நிர்வாகத்திடம் எப்போதோ கேட்டிருப்பார். ஆறு சான்றிதழ்களும் சேர்ந்து அந்தக் கேள்வியை வரவிடாமல் செய்துவிட்டன.

பேருந்து நடத்துநர் உரிமம் வாங்கவும் முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறோம். நல்ல ஏற்பாடு. ஓடும் பஸ்ஸில் ஐம்பது பேருக்கு நடுவே ஒருவராவது தெரிந்தவர் இருக்கட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்திருக்கிறார். என் வகுப்புக்குத் தன் மனைவியோடு வந்த ஒரு நடத்துநரிடம் உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். முக்கோணத் துணியைத் தோளில் கட்டித் தூளி போடுவது மட்டும் நினைவிருக்கிறது என்றார். கட்டியும் காட்டினார், அழகாகத்தான் இருந்தது. மார்பு அழுத்தம் பற்றிக் கேள்விப்பட்டதே தொலைக்காட்சியில்தான்.

இன்னொரு பக்கம், விழிப்புணர்வையும் பயிற்சியையும் ஒன்றாகக் கலந்துவிட்டோம். 2023 டிசம்பர் 6 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சகமும் தேசிய மருத்துவ அறிவியல் தேர்வுகள் வாரியமும் நாடு முழுவதும் ஒரே நாளில் சிபிஆர் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தின, லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே பெரிய காரியம். ஆனால் அரைமணி நேரம் திரையில் பார்த்தவரும், பாயில் மண்டியிட்டு முழங்கால் சிவக்க அழுத்தியவரும் ஒரே மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனால், எது எது என்று மனிதவள அலுவலருக்கு எப்படித் தெரியும்? இரண்டிலும் தங்க நிறக் கரை இருக்கிறது, இரண்டிலும் இதயப் படம் இருக்கிறது.

மருத்துவமனைக்குள் நிலைமை வேறு மாதிரி. அங்கே போலிச் சான்றிதழைவிடப் பெரிய தொல்லை, நல்ல சான்றிதழையும் ஏற்க மறுப்பது. நான் பயிற்றுவித்த ஒரு பெண், இந்திய மயக்கவியல் நிபுணர்களின் முயற்சியில் உருவான இந்திய உயிர்ப்பித்தல் கவுன்சிலின் பயிற்சியை முறையாக முடித்தவள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் அது செல்லாது என்றார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) அட்டை இருந்தால்தான் பணி உறுதி என்றார்கள். முதல் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அந்த அட்டைக்குப் போனது. அதே பொம்மை, அதே முப்பது அழுத்தம், அதே இரண்டு மூச்சு. "எனக்கு ஒன்றும் புதிதாகச் சொல்லித் தரவில்லை சிஸ்டர். ஆனால் அட்டை கிடைத்தது" என்றாள்.

அமெரிக்க அட்டையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லப்போனால், நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதில் நிறைய இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். அட்டையில் உள்ள எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் அது உண்மையா என்று இணையத்தில் சரிபார்க்கலாம். பாடத்தை இணையத்தில் படித்தாலும் கைத்தேர்வுக்கு நேரில் வந்தே ஆக வேண்டும். 2019 ஜனவரி இறுதியிலிருந்து, அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து சொல்லும் கருவி இல்லாமல் பெரியவர்களுக்கான சிபிஆர் தேர்வு நடத்தக்கூடாது என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். இத்தனை ஒழுங்கு இருப்பதால் அந்த அட்டையை நம்புகிறார்கள். நம் பயிற்சிகளிடம் கேட்க வேண்டியதும் அதே ஒழுங்கைத்தான். அதைக் கேட்காமல் அமெரிக்கப் பெயரை மட்டும் கேட்டால், சம்பளம் குறைந்த செவிலியரின் தலையில்தான் அந்தச் செலவு விழும்.

ஒன்றிய அரசு 2022 மார்ச்சில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாட்டுப் பாடங்களையே நம்பியிருக்க வேண்டாம் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அரசுப் பணியில் இருப்பவர் அந்தப் பயிற்சியை எடுத்துவிட்டுத் தனியாருக்குப் போனால் மதிப்பு உண்டா என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கையில், இன்ன இன்ன பயிற்சிகள் அடிப்படை உயிர்காப்பில் சமமானவை என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

சான்றிதழுக்கு ஏன் காலக்கெடு வேண்டும் என்று கம்பெனிகளில் கேட்பார்கள். "ஒரு தடவை கற்றுக்கொண்டால் சைக்கிள் மாதிரி மறக்காதே சிஸ்டர்?" மறக்கும். சில மாதங்களிலேயே கை தளர்ந்துவிடும், ஆழம் குறையும். போதாக்குறைக்குப் பாடமும் மாறிக்கொண்டிருக்கிறது. தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டால் வயிற்றை மேல்நோக்கி அழுத்த வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் பல ஆண்டுகள் சொல்லி வந்தது. நானும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். 2025 அக்டோபரில் வந்த நெறிமுறையில், பெரியவர்களுக்கு முதலில் ஐந்து முறை முதுகில் தட்டு, பிறகு ஐந்து முறை வயிற்றழுத்தம், மாறி மாறி என்று மாற்றிவிட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சான்றிதழுக்கு இது தெரியாது. பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது என்பதும் எத்தனையோ காலமாகச் சொல்லப்படுகிறது. வகுப்பில் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் இன்னும் கட்டுகிறார்கள், அதில் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் உண்டு.

சாயப்பட்டறைகளில் வேறு கவலை. தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற இறங்குகிறவரும் விஷவாயுவில் விழுகிறார். அங்கே முதலுதவிக்காரர் முதலில் கற்க வேண்டியது இறங்காமல் இருப்பதை. பொதுவான பாடம் ஒன்றை எல்லா ஆலைக்கும் ஒட்டினால் இது விட்டுப்போகும். நூற்பாலைக்கும் சாயப்பட்டறைக்கும் பட்டாசுத் தொழிற்சாலைக்கும் பயிற்சியின் கடைசி ஒரு மணி நேரமாவது வேறாக இருக்க வேண்டும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டால், நீங்கள் ஒரு விண்ணப்பப் படிவமும் கட்டணமும் வைப்பீர்கள். இன்று சான்றிதழ் விற்கிறவர் நாளைக்கு அங்கீகார எண்ணோடு விற்பார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கட்டடத்தையும் கோப்பையும் பார்த்துக் கொடுக்கும் அங்கீகாரம் எப்படிப் போகும் என்பதை முப்பத்தொரு ஆண்டு அரசுப் பணியில் பார்த்துவிட்டேன். ஆய்வு நாளில் பளபளக்கும் தரை, அடுத்த நாள் பழையபடி.

தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் ஆலைக்கு வரும்போது ஜீப்பில் ஒரு பொம்மையையும் கொண்டு வரட்டும். சுவரில் படம் இருக்கும் ஆறு பேரில் இருவரை, அவரே தேர்ந்தெடுத்து, இரண்டு நிமிடம் அழுத்திக் காட்டச் சொல்லட்டும். இரண்டு நிமிடம் என்பது என் கணக்கு இல்லை. அழுத்துகிறவர் களைத்துப்போவதால் ஆள் மாற்றிக்கொள்ள எல்லா நெறிமுறைகளும் சொல்லும் நேரம். அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். முட்டி போடத் தெரிகிறதா, கை எங்கே வைக்கிறார், சத்தம் வருகிறதா, எண்ணிக்கை தடுமாறுகிறதா. இருவரும் தேறாவிட்டால் கம்பெனிக்கு முப்பது நாள் அவகாசம். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். ஒரே நிறுவனத்தின் பெயர் நான்கைந்து ஆலைகளில் தொடர்ந்து வந்தால், அதன் சான்றிதழ் இனி செல்லாது என்று பொதுவில் அறிவியுங்கள். விற்பவருக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. இனிமேல் வாங்குகிறவரே "சிஸ்டர், ஆய்வாளர் பொம்மையோடு வருகிறாராம், நிஜமாகவே கற்றுக்கொடுங்கள்" என்று கேட்பார்.

அதற்குமுன் அடிப்படை ஒழுங்கு ஒன்று எழுதப்பட வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு பொம்மைக்கு மூன்று பேருக்கு மேல் இல்லை. தேர்வு தமிழில், கையால். தமிழ் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் நிறைந்த ஆலைகளில் அவர்கள் மொழியில். சான்றிதழுக்கு இரண்டு ஆண்டு ஆயுள், சரிபார்க்க ஒரு எண். இந்த ஒழுங்குக்கு உட்பட்டு யார் பயிற்சி தந்தாலும் ஏற்கலாம். பெரிய பெயர்தான் வேண்டும் என்பதில்லை. பஞ்சாயத்து அலுவலக வராந்தாவில் ஓர் ஓய்வுபெற்ற செவிலியர் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்தாலும் சரி. சிங்கப்பூரில் உயிர்ப்பித்தல் மற்றும் முதலுதவிக் கவுன்சில் அங்கீகரித்த பயிற்சி மையங்களின் பட்டியலை யாரும் பார்க்கலாம். அங்கே வேலைக்குப் போய் வந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பழக்கமான விஷயம். ஊருக்குத் திரும்பியதும் இங்கே அப்படி ஒன்றைத் தேடிவிட்டு என்னிடம் கேட்கிறார்கள்.

பணம் இல்லை, ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். 2008இல் 108 ஆம்புலன்சைத் தொடங்கி மாநிலம் முழுவதும் ஓடவிட்ட அரசு இது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தானே ஏற்றுக்கொள்ளும் திட்டத்தை 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய அரசு. ஒரு பொம்மையின் விலை ஆய்வாளரின் ஜீப் டயர்களின் விலையைவிடப் பெரிதாக இருக்காது. ஆம்புலன்சுக்குள் இருக்கும் அவசர மருத்துவத் தொழில்நுட்பரை 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஒரு தொழில்முறையாளராக ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர் வந்து சேரும்வரை தரையில் மண்டியிட்டிருக்கும் தையல்காரப் பெண்ணைப் பற்றித்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கலாம் என்று எழுதினார்கள். இரண்டு கைகள் இருந்தால் போதும் என்பதுதான் அவர்கள் சொன்ன செய்தி. அதே ஆண்டில் நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த லேர்டால் என்பவர் முதல் பயிற்சிப் பொம்மையைச் செய்தார். பாரிஸின் சேன் நதியில் கிடைத்த பெயர் தெரியாத ஒரு பெண்ணுடையது என்று சொல்லப்படும் முகத்தை அதற்கு வைத்தார். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பெண்கள் பொம்மையின் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் அழுத்தத் தொடங்குவார்கள். என்னிடம் இருப்பது அந்த வம்சத்தின் மலிவான பேத்தி, மூக்கு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஆனால் 'டக்' சத்தம் பிசகாது.

உங்கள் இருவருக்கும் நேரம் இருக்கும் ஒரு நாளில் நானே அதைக் கொண்டு வருகிறேன். இருபது நிமிடம் போதும். மேசை வேண்டாம், தரை வேண்டும். அதிகாரிகளை மண்டியிட வசதியான உடையில் வரச் சொல்லுங்கள். வாட்ச், மோதிரம் கழற்றிவைத்துவிடலாம். ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ண வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருப்பூர் மாவட்டம்